மூன்றாம் மாடிக்கு ஒரு மெத்தை

கல்லூரி விடுதியிலிருந்து வந்த தாளில் மெத்தை, போர்வை, வாளி, மக், பூட்டு என்று ஐந்தாறு சாமான்தான் போட்டிருந்தது. அம்மாக்களைக் கலந்துகொள்ளாமல் அச்சடித்த தாள். இட்லிப்பொடி, பருப்புப்பொடி, பூண்டு ஊறுகாய், சுக்கு, ஓமம் என்று என் மனைவி அதன் பின்பக்கத்தையும் நிரப்பி, இடம் போதாமல் காலண்டர் தாளுக்குப் போனாள். குடும்பத் தலைவர் என்பதால் எனக்கும் இரண்டு பொறுப்பு ஒதுக்கினார்கள்: மெத்தை, பூட்டு. தூக்குவது தனி.

மெத்தை விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்கிறவன் இல்லை. போடிக்கே போய், இலவம் பஞ்சைக் கண்ணெதிரே அடைக்கச் சொல்லி, ஆறுக்கு நாலடியில் தைத்து வாங்கிவந்தேன். பூட்டுக்கு அலைய வேண்டியதே இல்லை, நாங்கள் திண்டுக்கல். கையில் வாங்கினால் கை தாழ்கிற மாங்காய்ப் பூட்டு ஒன்று எடுத்தேன். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற சரக்கு. கோவை போகும் வழியில் பழனி அடிவாரத்தில் மனைவி ஒரு டப்பா பஞ்சாமிர்தம் வாங்கினாள். அதற்கும் அதே 2019-ல்தான் குறியீடு கிடைத்தது. இரண்டு குறியீடுகளோடு மகளைப் படிக்க அனுப்பும் தகப்பன் ஊரில் எத்தனை பேர் என்று கேட்டேன். "ரோட்டைப் பாத்து ஓட்டுங்க" என்றாள்.

விடுதி அலுவலகத்தில் முதல் வேலை கையெழுத்து. ராகிங் செய்ய மாட்டேன் என்று மாணவியும், என் பெண் செய்ய மாட்டாள் என்று பெற்றோரும் உறுதிமொழி தர வேண்டும்; யுஜிசியின் 2009-ஆம் வருட விதி. தமிழ்நாட்டில் 1997-லேயே இதற்குத் தனிச் சட்டம் உண்டு. இரண்டு வருஷம் வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம். பெற்ற தகப்பனைக் கிண்டல் செய்வது இதில் சேராது என்று படித்துப் பார்த்துத் தெளிந்த பிறகே கையெழுத்துப் போட்டேன். சேர்ந்திருந்தால் அவளுக்காக நான் எந்த உறுதியும் கொடுத்திருக்க முடியாது.

'ஆண்களுக்கு அனுமதி இல்லை' என்ற பலகைக்கு அன்று ஒருநாள் விடுமுறை. காரணம் பெருந்தன்மை அல்ல, லிஃப்ட் இல்லை. படிக்கட்டு முழுக்க அப்பாக்கள். ஒருவர் பேங்க் மேனேஜராக இருக்கலாம். தலையில் வாளியைக் கவிழ்த்திருந்ததால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. நான் ஒவ்வொரு மாடியிலும் மெத்தையைச் சுவரில் சாய்த்துவிட்டு, ஜன்னல் வழியே கல்லூரி வளாகத்தின் அழகை ரசித்தேன். மூச்சு சீராகும்வரை ரசித்தேன்.

மூன்று பேர் தங்கும் அறை. இரும்புக் கட்டில் அகலம் மூன்றடிகூட வராது. என் நாலடி மெத்தை அதில் படுத்து, மிச்சத்தைப் பக்கத்துப் பெண்ணின் எல்லைக்குள் தொங்கவிட்டது. சரி, பூட்டாவது மானத்தைக் காப்பாற்றும் என்று எடுத்தேன். அலமாரிக் கொண்டியின் ஓட்டையில் அதன் வளையம் நுழையவில்லை. சாய்த்துப் பார்த்தேன், திருப்பிப் பார்த்தேன், அறையில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்தும்வரை தட்டிப் பார்த்தேன். பக்கத்துக் கட்டில் பெண்ணின் அப்பா பையிலிருந்து சுண்டுவிரல் அளவில் ஒரு பூட்டை எடுத்து நீட்டினார்.

"வச்சுக்குங்க சார், எக்ஸ்ட்ராதான். சாருக்கு எந்த ஊரு?"

"மதுரைப் பக்கம்" என்றேன்.

"திண்டுக்கல்ங்க அங்கிள்" என்றாள் மகள், பளிச்சென்று. நல்ல மனிதர். சிரிப்பதற்கு வராந்தாவுக்குப் போய்விட்டார்.

அடுத்து கெட்டில். வார்டன் மேடம் பையைத் திறந்ததும் அதைத்தான் எடுத்தார். "சார், இது அலவ்டு இல்ல." மழைக்காலம், சளி, வெந்நீர் என்று நான் வாதாடிக்கொண்டிருக்கும்போது, ட்ரிபிள்-ஈ சேர்ந்திருக்கும் மகள் குறுக்கே வந்தாள். "அப்பா, இது 1500 வாட்ஸ். 230 வோல்ட்டுல ஆறரை ஆம்பியர் இழுக்கும். சுவத்துல இருக்கிறது ஆறு ஆம்பியர் பிளக்." வகுப்பே இன்னும் ஆரம்பிக்கவில்லை. வார்டன் அவளை மெச்சினார். என்னிடம் கெட்டிலைக் கொடுத்தார்.

கிளம்பும்போது மனைவி அழுவாள் என்று கைக்குட்டையோடு தயாராக நின்றேன். அவளோ மற்ற அம்மாக்களோடு சேர்ந்து வாட்ஸ்அப் குழு தொடங்குவதில் மும்முரமாக இருந்தாள். கைக்குட்டை எனக்கே பயன்பட்டது. வியர்வை என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

அடுத்த வருஷம் பிள்ளையை விடுதியில் சேர்க்கப்போகும் அப்பாக்களே, மெத்தை, வாளி, பூட்டு எல்லாம் கல்லூரி வாசலிலேயே கடை போட்டு விற்கிறார்கள். கொஞ்சம் விலை கூடத்தான். பேரம் பேசாமல் வாங்கிவிடுங்கள். அதற்கு முன்னால் அறை எத்தனையாவது மாடி என்று கேட்டுக்கொள்ளுங்கள்.