அட்ஜஸ்ட் வினையியல்

சொற்களைத் தொல்காப்பியர் இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காகப் பகுத்தார். ‘அட்ஜஸ்ட்’ இவற்றுள் எது? திசைச்சொல் என்பாரும் உளர். நால்வர் அமர்ந்த இடத்தில் ஐந்தாவதாக வந்து நெருக்கி உட்கார்ந்த சொல் என்பதே நம் துணிபு.

தமிழ்ச்சொல் வல்லின மெய்யில் முடியாது. இதுவோ ‘ஸ்ட்’ என முடிவதால், தனியே நிற்கத் திராணியின்றிப் ‘பண்ணு’வின் தோளில் கைபோட்டே நடமாடும். விகுதிகளைச் சுமப்பது பண்ணு. பெயர் மட்டும் இதற்கு.

இதன் தாயகம் பேருந்தின் மூவர் இருக்கை. சான்று: பின்படிக்கட்டுக்கு இரண்டாம் வரிசை, சாயங்காலம் ஆறரை, ஜன்னலோரம், மடியில் தூக்குவாளியுடன் ஓர் அம்மாள். “கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க” என்றார் நின்றவர். ‘குங்க’ முடியுமுன்பே உட்கார்ந்துவிட்டார். ஏவல் என்பது இனிச் செய்யவேண்டியதைச் சொல்லும். இது முடிந்துபோன செயலுக்கு இட்ட ஏவல். ‘இறந்தகால ஏவல்’ என்று இதற்குப் பெயரிடுகிறோம். இலக்கண நூலார் இதைக் காணாதது அக்காலத்தில் பேருந்து இன்மையால் என்க. ‘கொஞ்சம்’ என்பது அளவுப்பெயர், அரை இடுப்பு. மற்ற அரை நடைவழியில் கிடந்து கண்டக்டரிடம் இடிபடும். ‘கொள்’ சேர்ந்தது என்னையெனின், செய்தவருக்கே பயன் சேருமிடத்தில் அது வரும் என்பர். இங்கே பயன் வந்தவருக்கு, ரசத்தின் சூடு அம்மாளுக்கு. (ஒப்பிடுக: அதே அம்மாள், அடுத்த நிறுத்தம், உரத்த குரல். பாடபேதத்துக்கு: அவர் கணவர், முன்படிக்கட்டு, விசிலுக்குப் பின், இப்பாடம் சிதைந்தே கிடைத்துள்ளது.)

இல்லறத்தில் இவ்வினை பெண்பாலை நோக்கியே ஏவப்படும்.

கடையில் சில்லறைக்கு அட்ஜஸ்ட்: மிட்டாய்.

இனி வேர். லத்தீனில் ‘இயுக்ஸ்தா’ என்றால் அருகில். அருகே கொண்டுவருதல் என்னும் வினை பழைய பிரெஞ்சுக்குப் போய், அங்கிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. நடுவழியில் ‘சரியான’ என்று பொருள்படும் சொல்லுக்கு இது உறவென்று எண்ணி எழுத்தையே மாற்றினார்கள். பாவம், தமிழ் தெரியாதவர்கள். ‘அடு’ என்றால் நெருங்கு. ‘சற்று’ என்றால் கொஞ்சம். அடுசற்று, உகரங்கள் கெட்டு, சகரம் ஜகரமாகி, றகரம் வெள்ளைக்காரன் வாயில் ஸகரமாகி, அட்ஜஸ்ட். பொருள் பொருந்துகிறது, ஒலி பொருந்துகிறது, வரலாறு ஒன்றுதான் பொருந்தவில்லை. ‘கொஞ்சம் அட்ஜஸ்ட்’ என்பது கூறியது கூறல் என்னும் குற்றமாவதும் இதனாலேயே. உலக மொழிகளையெல்லாம் இப்படி மூன்றே வரியில் தமிழாக்கிய பெரியோர் பலர் இந்த இருக்கையில் ஏற்கெனவே அமர்ந்திருக்கிறார்கள். நமக்கு அரை இடுப்பு போதும்.

லத்தீன் என்னாவது என்பார்க்கு: அது கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடி வரட்டும்.