ஆமென் போட்ட பொறவு

ஏலே மக்கா, இப்படித் திண்ணையில உக்காரு. காலையில கோயில்ல நீ பண்ணுன ஜெபத்தை நானும் கேட்டேன். ஆதாம்ல தொடங்கி அமெரிக்கா வரைக்கும் போயிட்டு வந்துட்ட. நடுவுல, “ஆண்டவரே, நேத்து ராத்திரி மேலத்தெரு டிரான்ஸ்பார்மர் வெடிச்சதை நீர் அறிவீர்”னு வேற. அறிவாருல்லா? பொறவு எதுக்கு அவருக்கே செய்தி வாசிக்க? சபைக்குச் சொல்லணும்னா கண்ணைத் தொறந்து சபையைப் பாத்துச் சொல்லு.

அறைக்குள்ள போயிக் கதவைச் சாத்திக்கிட்டு ஜெபம் பண்ணச் சொன்னாரு இயேசு சாமி. நமக்கோ மைக் இல்லாம ஜெபமே வராது. அதைக்கூடப் பொறுத்துக்கிடலாம். இந்த ஜெபக்குறிப்பு இருக்கே, அதுதான் பெரிய கூத்து. வெள்ளிக்கிழமை வீட்டுக் கூட்டத்துல உங்க சித்தி, “ஒரு பிள்ளைக்காக ஜெபிச்சுக்கோங்க, பேரு சொல்லக்கூடாது”ம்பா. பேரைத்தான் சொல்ல மாட்டா. தெரு, வீட்டு நிறம், மாப்பிள்ளை வீட்டுக்காரன் திருப்பி அனுப்புன தேதி முச்சூடும் வந்துரும்.

உன் கதைக்கு வாரேன். டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில வாக்குத்தத்த அட்டை எடுத்தியே. முதல்ல வந்தது பொறுமையா இருக்கச் சொல்லுத வசனம். மெல்ல அதைத் தட்டுல நழுவ விட்டுட்டு, ஆசீர்வாதம் வார வரைக்கும் கிண்டுன. நான் பாக்கலேன்னு நெனச்சியா? லாட்டரிச் சீட்டாலே அது?

பொறுமைன்னதும் எனக்கு இடையன்குடிக் கோயில்தான் ஞாபகம் வருது. கால்டுவெல் ஐயர் 1847ல அஸ்திவாரம் போட்டாரு. கோயில் பிரதிஷ்டை ஆனது 1880ல. எண்ணிப் பாரு, 33 வருசம்! அந்த மனுசன் ஜெபம் பண்ணிட்டு வேப்பமரத்தடியில காத்துக்கிட்டுக் கிடக்கலை. நடுவுல, 1856ல, தமிழும் தெலுங்கும் கன்னடமும் மலையாளமும் ஒரு குடும்பம்னு புஸ்தகமே போட்டுட்டாரு. நீ வேலைக்காக மூணு நாள் காலைச் சாப்பாட்டை விட்டுட்டு, “தாத்தா, கர்த்தர் பதில் தரலையே”ங்க. சர்வீஸ் கமிஷன் புஸ்தகத்தைத் தொறந்தியாலே? அட்டையில ஒட்டுன விலைச்சீட்டு கூட இன்னும் கிழியலையாமே, உங்க அம்மை சொன்னா.

எங்க வீட்டு ஆச்சிக்கு ரெண்டு வார்த்தை சேந்தாப்ல ஜெபம் பண்ண வராது. மாதர் சங்கத்துல கூப்பிட்டா தூண் மறைவுக்குப் போயிருவா. ஆனா உலை வைக்கும்போதெல்லாம், களைஞ்சு போடுததுக்கு முன்ன ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிக் கலயத்துல போட்டுருவா. கைப்பிடி அரிசி. ஞாயித்துக்கிழமை கோயில்ல கொண்டு கொட்டிருவா. நம்ம பக்கத்துச் சபைகள்ல இப்படிச் சேந்த அரிசியும் நெறய வேலை பாத்திருக்கு. பிடி அரிசி கலயத்துல விழ எவ்வளவு நேரமாகும்? அவ்வளவுதான் அவ ஜெபம். வீட்டுல அரிசி தட்டுன வருசத்துலயும் அந்தப் பிடி சிறுத்தது கெடையாது. என் தட்டுலதான் சோறு சிறுத்துது. அப்ப நானும் ஊக்கமா ஜெபிச்சேன், அவ மனசு மாறணும்னு. பரலோகத்துல அவ மனுதான் முதல்ல போயிருக்கு போல.

சரி, நான் கூப்பிட்ட விசயமே வேற. நற்கருணை ஆராதனையில ஐயர் சமாதானம் குடுக்கச் சொன்னாரு. கைக்குக் கை வந்துச்சு. உங்க பெரியப்பன் ரெண்டு கையையும் நீட்டிக்கிட்டு உன் முன்னால நிக்கான். நீ சட்டுனு குனிஞ்சு செருப்பைத் தேடுன. கோயிலுக்குள்ள ஏதுலே செருப்பு? நீ வாசல்லல்லா கழத்திப் போட்ட!

ஒரு முழ வரப்புக்கு ரெண்டு வருசமா பேச்சில்லை. காணிக்கையோட பலிபீடத்துக்கு வந்தவன், சகோதரனுக்குத் தன்மேல மனத்தாங்கல் இருக்குன்னு நெனவு வந்தா, காணிக்கையை அங்ஙனயே வச்சுட்டு முதல்ல போயி அவனோட ஒப்புரவாகணும். மத்தேயு அஞ்சாம் அதிகாரம். அதை மட்டும் நம்ம சபை அப்படியே கைக்கொண்டா, ஒரு ஞாயித்துக்கிழமை காணிக்கைப் பாட்டுல பாதிக் கோயில் எந்திரிச்சு வெளிய போயிரும். அதனாலதானோ என்னவோ, அந்த வசனம் ஒரு வாக்குத்தத்த அட்டையிலயும் வாரதில்லை.

ஆச்சி சுக்காப்பி போட்டிருக்கா, குடி. குடிச்சுட்டு நேரா பெரியப்பன் வீட்டுக்கு நட. என்ன, ஜெபம் பண்ணிட்டுப் போறியா? தாராளமாப் பண்ணு. ஆனா ஆதாம்ல தொடங்காத. பெரியப்பன் எட்டரைக்கெல்லாம் படுத்துருவான்.