ஆறாத ஆறு

2010 மார்ச்சில் அமெரிக்காவின் டென்வர் நகரத்தில் ஒரு வடிவமைப்பு நிறுவனத்தார் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 6-க்கு இறுதிச் சடங்கு நடத்தினார்கள். சவப்பெட்டி உண்டு, கறுப்பு உடை உண்டு, இரங்கல் உரையும் உண்டு. பெற்றெடுத்த மைக்ரோசாப்டே பூ அனுப்பிவைத்தது. திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில் எங்கள் ஆபீசுக்குக் கீழே இருந்த பிரவுசிங் சென்டரில் அதே வாரம் அந்தப் பிரேதம் திடகாத்திரமாக உட்கார்ந்து யாருக்கோ ரயில் டிக்கெட் போட்டுக்கொண்டிருந்தது.

நாங்கள் மாடியில் வெப்சைட் செய்து பிழைத்தவர்கள். பாளையங்கோட்டையில் காலேஜுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் பஞ்சமில்லை என்பதால் வேலைக்கும் பஞ்சமில்லை. ஃபயர்பாக்ஸில் பக்கம் அழகாக வந்து உட்காருவதற்கு ஒரு நாள் ஆகும். அதையே ஐ.ஈ. ஆறில் உட்காரவைக்க மிச்ச வாரம் போய்விடும். அந்த மிச்ச வாரத்துக்கு யாரும் காசு தரமாட்டார்கள். அப்படியொரு வாரம் இருப்பதே அவர்களுக்குத் தெரியாது.

பத்தமடைப் பாய் வியாபாரி ஒருவருக்குத் தளம் செய்தோம். வரிசைக்கு நாலு பாய்ப் படம். இடது பக்கம் மிதக்கும் பெட்டிக்கு அதே பக்கம் பத்து பிக்சல் இடைவெளி என்று எழுதினால், வரிசையின் முதல் பெட்டிக்கு மட்டும் ஐ.ஈ. ஆறு தன் இஷ்டத்துக்கு இருபதாக எடுத்துக்கொள்ளும். இடம் பற்றாமல் நாலாவது பாய் கீழே உருண்டுவிடும். இதற்கு மருந்து, ‘டிஸ்ப்ளே: இன்லைன்’ என்று ஒரு வரி. விதிப்படி மிதக்கும் பெட்டியில் அந்த வரிக்கு ஒரு வேலையும் கிடையாது. எழுதினால் பாய் மேலே ஏறிவிடும், அவ்வளவுதான். இன்னும் விசேஷமான மருந்து ‘ஜூம்: 1’. ‘இருக்கிற அளவிலேயே இரு’ என்று சொல்வதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. அதைச் சொன்ன மாத்திரத்தில் காணாமல் போன பத்தி திரும்பி வரும், பிதுங்கிய பெட்டி அடங்கும். இப்படி ஊரெல்லாம் தேடிச் சேர்த்த மருந்துகளை ஒரு தனி ஃபைலில் போட்டு, ஐ.ஈ. ஆறின் கண்ணுக்கு மட்டும் படும்படி வைப்போம்.

கடைசியில் அண்ணாச்சி தன் மகனுடைய கம்ப்யூட்டரில் திறந்து பார்த்துவிட்டு போன் அடிப்பார். “தம்பி, லோகோவச் சுத்தி சிமெண்டு பூசுனாப்ல இருக்கே?” பின்னணி தெரிய வெட்டிய பி.என்.ஜி. படத்தின் வெற்றிடத்தை ஐ.ஈ. ஆறு சாம்பல் நிறத்தில் அடைத்துவிடும். இது உங்கள் பிரவுசரின் கோளாறு அண்ணாச்சி என்று பக்குவமாகச் சொன்னால், “மத்த சைட்டெல்லாம் நல்லாத்தான வருது?” என்பார். அந்தக் கேள்விக்கு உலகத்தில் எந்த வெப் டிசைனரிடமும் பதில் இருந்ததில்லை.

ஆனால் அவர்கள் ஏன் மாற்றவில்லை என்று இப்போது யோசித்தால், மாற்றாததில் நியாயம் இருந்ததாகவே படுகிறது. 2006 அக்டோபரில் ஐ.ஈ. 7 வந்தது. விண்டோஸ் அசல்தானா என்று சோதித்த பிறகுதான் அது ஏறும். நம் பக்கமோ எக்ஸ்பி என்பது கம்ப்யூட்டர் விற்றவரே அன்பளிப்பாக ஏற்றித் தருவது, கூட நாலு சினிமாவும் இருக்கும். ஒரு வருஷம் கழித்து மைக்ரோசாப்டே மனம் இரங்கி அந்தச் சோதனையை எடுத்துவிட்டது. ஆனால் 2008-ல் போலி எக்ஸ்பிகளின் திரையைக் கறுப்பாக்கும் அப்டேட் ஒன்றும் வந்தது. அதோடு ‘அப்டேட்’ என்ற சொல்லைக் கேட்டாலே கடைக்காரர்கள் கையெடுத்துக் கும்பிட ஆரம்பித்தார்கள். தெரிந்த காண்டிராக்டர் ஒருவர் டெண்டர் போடும் தளம், டிஜிட்டல் கையெழுத்துக்காக ஐ.ஈ.யில் மட்டுமே திறக்கும். நான் மவுசில் கை வைத்தாலே “அத மட்டும் தொட்ராதீய தம்பி” என்று பதறுவார். ஐ.ஈ.க்கு மட்டும் தளம் கட்டியவர்கள், ஐ.ஈ.யை விடமாட்டேன் என்கிறார்களே என்று ஜனங்களைத் திட்டிக்கொண்டிருந்த காலம் அது.

தமிழ் விஷயத்தில் கதையே வேறு. யாரும் அவ்வளவாகச் சொல்லாததால் இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். யூனிகோடு பரவுவதற்கு முன்னால் தமிழ்த் தளங்கள் எழுத்துருவையும் பக்கத்தோடு சேர்த்து அனுப்பின. ஐ.ஈ.க்கு ஒரு வகைக் கோப்பு, நெட்ஸ்கேப்புக்கு வேறு வகை. நெட்ஸ்கேப் படுத்த பிறகு இரண்டாவதைப் போட ஆளில்லை. யூனிகோடு வந்ததும் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பினோம். ஆனால் அதற்கும் எக்ஸ்பியில் கண்ட்ரோல் பேனலுக்குள் போய், சிக்கலான எழுத்துமுறைகளுக்கான பெட்டியில் டிக் அடித்து, அது கேட்கும் சி.டி.யைச் செருக வேண்டும். சி.டி. யாரிடமும் இருக்காது.

அது எல்லாம் கூடிவந்த கம்ப்யூட்டரிலும் ஃபயர்பாக்ஸ் 2 காலை வாரியது. பத்தியை இரு ஓரமும் நேராக நிற்கும்படி ‘ஜஸ்டிஃபை’ செய்தால் போதும், தமிழ் எழுத்துகளைத் துண்டு துண்டாகப் பிரித்துப் போட்டுவிடும். ‘திருநெல்வேலி’யில் கொம்பு இரண்டும் கழன்று எழுத்துக்குப் பின்னால் போய் முழிக்கும். தாமிரபரணிக்குக் கொம்பு கிடையாது என்பதால் சேதம் கொஞ்சம் குறைவு. இதே பக்கத்தை நாங்கள் நாள் முழுக்கச் சபித்த ஐ.ஈ. ஆறில் திறந்தால் ஒரு புள்ளி பிசகாமல் தமிழ் வந்து நிற்கும். 2008 ஜூனில் ஃபயர்பாக்ஸ் 3 வரும்வரை நல்லவர் தமிழை உடைத்தார், கெட்டவர் காப்பாற்றினார். நன்றி கெட்ட தொழில் என்பதால் ‘ஜஸ்டிஃபை’யை எடுத்துவிட்டு, திட்டுவதைத் தொடர்ந்தோம்.

2014 ஏப்ரலில் எக்ஸ்பிக்குக் கதவைச் சாத்தினார்கள். 2022 ஜூன் 15-ல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கே ஓய்வு கொடுத்தார்கள். தென்கொரியாவில் ஒரு பொறியாளர், மற்ற பிரவுசர்களை இறக்கிக்கொள்வதற்கு நல்ல கருவியாக இருந்தது என்கிற மாதிரி வாசகம் பொறித்து அதற்குக் கல்லறைக்கல்லே நட்டுவிட்டார். அதற்குள் நான் இந்தத் தொழிலை விட்டிருந்தேன்.

இப்போது அக்கா மகன் அதே தொழிலில் இருக்கிறான். பெருமாள்புரத்தில் வீட்டு மாடியில் ஏசி போட்டுக்கொண்டு சென்னைக் கம்பெனிக்கு வேலை செய்கிறான். “இப்ப பிரவுசரெல்லாம் தானாவே அப்டேட் ஆயிரும் மாமா, பழைய பிரவுசர்ங்கிற பேச்சே கெடயாது” என்று எனக்குப் பாடம் எடுத்தவன். போன வருஷம் ஸ்ரீவைகுண்டத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் அவன் செய்த பக்கம் கலைந்துபோய்த் தெரிந்தது. கடையில் இருந்தது விண்டோஸ் 7. அதற்குக் கிடைக்கும் கடைசி குரோம் 109, 2023 ஜனவரியோடு சரி. இவன் ஒன்றுக்குள் ஒன்றாகப் பொதிந்து எழுதிய சி.எஸ்.எஸ். அந்த ஏப்ரலில் வந்த 112-ல்தான் புரிய ஆரம்பிக்கிறது. தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் பிரவுசர், கம்ப்யூட்டரின் வயசில் மாட்டி நின்றுவிட்டது.

வேறு கம்ப்யூட்டர் வாங்கச் சொல்லலாமே என்றான். கடைக்காரர், ஸ்கேனருக்கு டிரைவர் இதில்தான் எடுக்கும் என்றார். அதுவும் போக, 2023 டிசம்பரில் தாமிரபரணி ஊருக்குள் வந்தபோது மற்றதையெல்லாம் தண்ணீருக்கு விட்டுவிட்டு அந்த சி.பி.யூ.வைத்தான் பரணில் ஏற்றியிருக்கிறார். அதைத் தூக்கிப் போடுங்கள் என்று யாருக்கு வாய் வரும்?

அடுத்தது ஐபோன். கல்யாண மண்டபக்காரர் ஒருவர் செகண்ட்ஸில் வாங்கிய ஐபோன் 6 வைத்திருக்கிறார். அது ஐ.ஓ.எஸ். 12-க்கு மேல் ஏறாது. பெட்டிகளுக்கு நடுவில் இடைவெளி விடும் ‘கேப்’ என்ற வசதியை, இப்போது எல்லாரும் எழுதும் ஃப்ளெக்ஸ் வரிசைகளில் சஃபாரி 2021 ஏப்ரலில்தான் கற்றுக்கொண்டது. அவர் போனில் ‘பதிவு செய்’யும் ‘ரத்து செய்’யும் ஒட்டிப் பிறந்திருந்தன. விரல் கொஞ்சம் தடித்தால் முகூர்த்தம் ரத்து. எங்கள் காலத்தில் இடைவெளி இரட்டித்தது, இவன் காலத்தில் இல்லாமலே போய்விட்டது. சரி, ஐபோனில் குரோம் போடச் சொல்லலாம் என்றால், ஆப்பிள் சட்டப்படி நம் நாட்டில் அதற்குள்ளேயும் ஓடுவது சஃபாரியின் எஞ்சின்தான்.

கடுப்பில் பக்கத்தின் தலையிலேயே ஒரு வரி போட்டான்: ‘குரோமின் புதிய பதிப்பில் திறக்கவும்.’ நான் ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் காலத்துத் தளங்களின் அடியில் ‘ஐ.ஈ.யில், 800-க்கு 600-ல் பார்த்தால் சிறப்பு’ என்று மரியாதையாக எழுதியிருக்கும். இப்போது கட்டளையாகவே போடுகிறார்கள், அதுவும் உச்சியில். மைக்ரோசாப்டின் எட்ஜ் 2020-ல் குரோமியத்துக்கு மாறிவிட்டது. தென்காசிக்குப் பக்கத்தில் மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்திருக்கும் ஸோகோ 2023-ல் ‘உலா’ என்று ஒரு பிரவுசர் கொண்டுவந்தது. இந்தியப் பிரவுசருக்காக மத்திய அரசு நடத்திய போட்டியில் முதல் பரிசும் வாங்கியது. அதற்குள்ளே ஓடுவதும் குரோமியம்தான். குற்றாலத்திலிருந்து வரும் சிற்றாறு, சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சேரும் வரைக்கும்தான் சிற்றாறு என்று எங்கள் பக்கத்துச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எல்லாரும் குரோமியமாகிவிட்டதால் ஃபயர்பாக்ஸில் சோதித்துப் பார்க்கிற ஆளே அவன் கம்பெனியில் இல்லையாம்.

இந்த மாதம் அவனுக்கு ஒரு பழைய அலுவலகத் தளத்தைச் சீர்செய்யும் வேலை வந்திருக்கிறது. எட்ஜுக்குள்ளே ‘ஐ.ஈ. மோட்’ என்று ஒன்று இருக்கிறது, ஓய்வு பெற்றவரை உள்ளறையில் உட்காரவைத்து வேலை வாங்குவதற்கு. அங்கே அந்தத் தளம், ஐ.ஈ. 7 மாதிரி நடி என்று கேட்கிறது. பாதிப் பத்தி காணவில்லை என்று லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தான். ‘ஜூம்: 1’ போடச் சொன்னேன். பத்தி வந்துவிட்டது.

“இது எப்படி மாமா வேல செய்யுது?”

“வேல செய்யுதுல்லா? விடு.”

ஐ.ஈ. மோட் குறைந்தது 2029 வரை இருக்கும் என்று மைக்ரோசாப்ட் உறுதி கொடுத்திருக்கிறது. நானும் மணிக்கு இவ்வளவு என்று அவனிடம் பேசி முடித்துவிட்டேன். அக்காவிடம் மட்டும் சொல்ல வேண்டாமாம்.