கறுப்பா இருந்தாலும்…

பெண் பார்த்துவிட்டு வந்த பெரியம்மா தீர்ப்புச் சொல்வார்: "பொண்ணு கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா." பாராட்டாம்! கார்மேக வண்ணனைக் கும்பிட்டுவிட்டு வந்த வாய்தான் அது. பெருமாள் சன்னதியில் நின்று "கறுப்பா இருந்தாலும் லட்சணம்" என்று பட்டரிடம் ஒருநாளும் சொன்னதில்லை. (பெருமாளுக்கு வரன் தேடவில்லை என்பதும் உண்மைதான்.) 1975 முதல் சிவப்பழகு விற்ற ‘ஃபேர் அண்ட் லவ்லி’கூட 2020இல் கூச்சப்பட்டு ‘க்ளோ அண்ட் லவ்லி’ ஆனது. களிம்பு அதேதான், டப்பாவில் பெயர் மட்டும் வேறு. பெரியம்மாவும் மாறினார், இப்போதெல்லாம் "மாநிறம்" என்கிறார், குரலைத் தாழ்த்தி, துக்கம் விசாரிக்கிற தொனியில். பையன் என்ன நிறம் என்று கேட்டேன். "அவனுக்கென்னடா, கவர்மென்ட் உத்தியோகம்!"