மொட்டைமாடிக் காட்டுப்பூண்டுக்காரர்

திருப்பூரின் பின்னலாடைத் தொழில் உருவாக்கிய மனித வகைகளுள் கட்டிங் மாஸ்டரும், ஜாப் ஒர்க் முதலாளியும், சனிக்கிழமை மாலையில் சம்பளக் கணக்கோடு திணறும் மேனேஜரும் போதிய அளவு கவனிக்கப்பட்டுவிட்டனர். ஆனால் அறுபதை நெருங்கியதும் பனியன் கம்பெனியை மகனிடம் ஒப்படைத்துவிட்டு, ஒப்படைத்ததை மனத்தளவில் ஒப்புக்கொள்ளாமலேயே மொட்டைமாடிக்கு ஏறிவிட்ட ஏற்றுமதியாளர் என்னும் வகை இன்னும் முறையான ஆய்வுக்கு உட்படவில்லை. இவ்வகையினரில் பெரும்பாலோர் தோட்டக்கலைத் துறை மானிய விலையில் தரும் மாடித்தோட்டத் தளையை, அதாவது வளர்ப்புப் பை, தென்னைநார்க் கழிவுக் கட்டி, விதை, உயிர் உரம் ஆகியவை அடங்கிய தொகுப்பை வாங்கி, தக்காளியோடும் கத்தரியோடும் நிம்மதியாக இருந்துவிடுவதால் அவர்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. இங்கே எடுத்துக்கொள்ளப்படுபவர் காட்டுப்பூண்டு வளர்ப்பவர்.

காட்டுப்பூண்டு என்பது ஐரோப்பாவின் ஈரம் மிக்க இலையுதிர் காடுகளில், மரங்கள் முழுவதும் தளிர்ப்பதற்கு முன்பே தரையை மூடிவிடும் ‘அல்லியம் உர்சினம்’ என்னும் செடி. நம் பூண்டின் பேரினத்தைச் சேர்ந்ததே எனினும் இதில் பெரிதும் உண்ணப்படுவது பல் அன்று, இலை. வசந்தம் பிறந்ததும் ஜெர்மானியர் இதைப் பறித்து அரைத்து ரொட்டியில் தடவி உண்பர். திருப்பூர்க்காரர் இதைச் சந்திக்கும் இடம் எப்போதும் பையரின், அதாவது வெளிநாட்டுக் கொள்முதல்காரரின், சாப்பாட்டு மேசைதான்: தாமதமாகப் போய்ச் சேர்ந்த ஒரு சரக்குக்காகக் கெஞ்சச் சென்ற இடத்தில், நான்கு நாளாக உருளைக்கிழங்கைத் தின்று நாக்குச் செத்துப்போயிருந்த சைவருக்குப் பூண்டு மணத்தோடு பச்சையாக ஒரு துவையல் கிடைத்துவிடுகிறது. அன்றிரவே விதை வாங்கும் முடிவு எடுக்கப்படுகிறது. பையர் கேட்ட ஐந்து சதவீதத் தள்ளுபடியும் அதே மேசையில் கொடுக்கப்பட்டுவிட்டது என்பது வேறு கதை.

ஊர் திரும்பியதும் அந்த விதைப் பொட்டலத்துக்கு ஓர் ஏற்றுமதி ஆர்டருக்குரிய சடங்குகள் அனைத்தும் நடக்கின்றன. எந்த வேலை எந்தத் தேதியில் முடிய வேண்டும் என்று காட்டும் ‘டி.என்.ஏ.’ என்ற கால அட்டவணை தயாராகி, விதைப்பு, முளைப்பு, முதல் இலை, அறுவடை என்று சிவப்பு மையில் தேதியிடப்பட்டு மாடிக்கதவில் ஒட்டப்படுகிறது. துணிக்குச் சாயமேற்றுமுன் சிறு துண்டில் நிறத்தைக் காட்டி ஒப்புதல் பெறுவது ‘லேப் டிப்’. அப்பழக்கத்தின்படி, இலை எந்தப் பச்சையில் வர வேண்டும் என்பதும் ஜெர்மனியில் எடுத்த கைப்பேசிப் படத்தைப் பான்டோன் நிற அட்டையோடு ஒப்பிட்டு முடிவாகிவிடுகிறது. ஒரே நிறம் இரு விளக்கில் இரு விதமாகத் தெரிந்து சாயப்பட்டறைகளோடு சண்டை மூட்டிய அனுபவம் இருப்பதால், வெயிலில் ஒரு முறையும் டியூப் லைட்டில் ஒரு முறையும் பார்த்துத்தான் அவர் கையொப்பமிடுகிறார். இன்னும் விதைக்கப்படாத செடிக்கு.

அட்டவணையை மதிக்காத ஒரே தரப்பு விதைதான். காட்டுப்பூண்டு விதை முளைப்பதற்குக் குளிர்காலம் ஒன்றைக் கடந்தாக வேண்டும். சில வேளை அது ஓராண்டுக்கு மேலும் மண்ணுக்குள் உறங்கும். கொடைக்கானலின் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருப்பதும், நீலகிரிப் பூண்டு மேட்டுப்பாளையம் மண்டிகளில் ஏலம் போவதும், பூண்டு இனத்துக்கு மலைக்குளிர் எவ்வளவு வேண்டியது என்பதற்குச் சான்றுகள். திருப்பூரிலோ மார்கழியிலும் கான்கிரீட் தளம் முழுதாக ஆறுவதில்லை. ஆகவே செயற்கைக் குளிர்காலம் ஒன்று குளிர்சாதனப் பெட்டியின் இரண்டாம் தட்டில், ஈரமான தென்னைநார்க் கழிவு நிரப்பிய டப்பாவில் தொடங்குகிறது. விதை ஏமாற்றினால் மாற்று ஏற்பாடாக இருக்கட்டும் என்று மலைப்பூண்டுப் பற்களும் ஒரு படி அருகில் வைக்கப்படுகின்றன. மூன்றாம் வாரத்தில் வீட்டம்மா பேசுகிறார்: “ஏனுங்க, தயிரு, பாலு, மல்லிகைப்பூ வரைக்கும் பூண்டு நாத்தம் அடிக்குது. இதைய எப்பத்தான் வெளிய எடுப்பீங்க?” அதற்கு வரும் விடை, “இன்னும் பத்து நாள் பொறு அம்மிணி, குளுரு பத்தல” என்பதாகவே எல்லா வீட்டிலும் இருப்பது இவ்வகையினரின் ஒற்றுமைக்குச் சான்று.

தண்ணீர் விஷயத்தில் மட்டும் இவரைப் பார்த்துச் சிரிக்க இயலாது. சாயக்கழிவு நொய்யலையும் நிலத்தடி நீரையும் கெடுத்த வரலாறும், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதும், அதன்பின் கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாமல் சுத்திகரிக்கும் முறைக்கு ஊர் மாறியதும் இவர் உடலோடு ஊறியவை. பூண்டும் வெங்காயமும் உப்பைத் தாங்காத பயிர்கள் என்பதால், ஒவ்வொரு குடத்திலும் டி.டி.எஸ். மீட்டரை, அதாவது நீரில் கரைந்துள்ள உப்பின் அளவைக் காட்டும் கருவியைத் தோய்த்துப் பார்க்கிறார். வீட்டார் குளிப்பது ஆழ்துளைக் கிணற்று நீரில். காட்டுப்பூண்டு குடிப்பது விலைக்கு வாங்கிய கேன் நீர். மூடாக்குக்கு, அதாவது மண்ணின் ஈரம் காய்ந்துவிடாமல் மேலே பரப்புவதற்கு, ஊரார் சருகைத் தேட, இவர் கட்டிங் டேபிளில் விழுந்த பனியன் வேஸ்ட்டைப் பரப்புகிறார். அதிலும் சாயமேறாத வெள்ளைத் துண்டுகளை மட்டும் பொறுக்கி.

பொங்கலூர்ப் பக்கம் சின்ன வெங்காயம் போடும் மச்சான் ஒருவர் இத்தகைய ஒவ்வொரு வீட்டுக்கும் உண்டு. அவர் மாடியேறி, நிழல்வலைக்குக் கீழே வரிசையாக நிற்கும் காலிப் பைகளைப் பார்த்துவிட்டு, “மச்சான், காட்டுல வெங்காயம் புடுங்க ஆளு கெடைக்காம நாங்க அலையறோம், நீங்க என்னடான்னா வெறும் மண்ணுக்குக் கேன் தண்ணி ஊத்தறீங்க?” என்று கேட்கிறார். விடையாக அவருக்குக் கிடைப்பது ஒரு பாதுகாப்புச் சொற்பொழிவு: ஐரோப்பாவில் காட்டுப்பூண்டு என்று நினைத்து, அதைப் போலவே இலை விடும் கோல்சிகம் என்னும் நச்சுச் செடியைப் பறித்துத் தின்று இறந்தோர் உண்டு, அதிலுள்ள கோல்சிசின் என்னும் நஞ்சு, இதே மாவட்டத்தில் மூலனூர், தாராபுரம் பக்கம் மருந்துக்காகப் பயிராகும் கண்வலிக் கிழங்கிலும், அதாவது தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளிலும் உள்ளது, ஆகவே இலையைக் கசக்கி முகர்ந்து, பூண்டு வாசனை வருகிறதா என்று உறுதிசெய்யாமல் யாரும் வாயில் வைக்கக் கூடாது. சொன்னது அத்தனையும் உண்மை. கசக்குவதற்கு இலை ஒன்றுதான் இல்லை.

கடைசியில் ஏதோ ஒரு நர்சரி கைகொடுக்கிறது. அங்கே காட்டுப்பூண்டு என்று கொடுப்பது ஊதாப் பூப் பூக்கும் ‘துல்பாகியா’. அதன் தாயகமான தென்னாப்பிரிக்காவிலும் அதற்கு அப்பெயர் வழங்குவதால் நர்சரிக்காரரைப் பொய்யர் என்று சொல்ல வழியில்லை. வெயிலைத் தாங்கி வளரும் அச்செடியின் இலையைக் கிள்ளினால் பூண்டு மணக்கிறது. முதல் அறுவடை ஜி.எஸ்.எம். தராசில் நிறுக்கப்படுகிறது, ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்று அறிவதற்காக வட்டமாக வெட்டிய சிறு துண்டை நிறுக்கும் அந்த நுண்தராசைத் தவிர வேறெதிலும் அவ்வறுவடைக்கு முள் அசையாது. பிறகு ஏ.க்யூ.எல். 2.5 அளவுகோலில், அதாவது மாதிரிக்கு எடுத்த உருப்படிகளில் எத்தனை பிழை வரை பொறுக்கலாம் என்ற ஏற்றுமதிக் கணக்கில், ஒவ்வோர் இலையும் சோதிக்கப்பட்டு, நுனி கருகியவை ரிஜெக்ட் ஆகின்றன.

இவரது நடத்தையைக் கஞ்சத்தனம் என்றோ கிறுக்கு என்றோ தள்ளிவிடுவது சரியன்று. பனியன் ஒன்றுக்கு எண்பது காசு குறைக்கச் சொன்ன பையருக்காக இரவெல்லாம் காஸ்டிங் ஷீட்டைத் திருத்தியவர் இவர். பூண்டுக்கு மட்டும் காஸ்டிங் போடவில்லை. நிறம் சரியில்லை, தேதி தவறிவிட்டது, தரம் போதாது என்று வாழ்நாளெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தவருக்கு, அதையே திருப்பிச் சொல்வதற்கு ஓர் உயிர் கிடைத்திருக்கிறது; அது தள்ளுபடி தர மறுப்பதும், மிரட்டலுக்கு அஞ்சாமல் தன் போக்கில் நிற்பதும் இவருக்கு உள்ளூர மகிழ்ச்சியளிப்பதாகவே தோன்றுகிறது. மகன் புதிய ஆர்டர் பற்றிப் பேச மாடிக்கு வந்தால், “அப்பறம் வா கண்ணு, இன்ஸ்பெக்சன் நடக்குது” என்று அனுப்பிவிடுவதிலிருந்து இதை ஊகிக்கலாம்.

சமையலுக்குப் பூண்டு தேவைப்படுவோர் தென்னம்பாளையம் சந்தைக்குச் செல்வதே முறை. இவர் வீட்டிலும் அங்கிருந்துதான் வாங்குகிறார்கள். இத்தகைய வீட்டுக்கு விருந்தாகச் செல்ல நேர்வோர், இட்லித் தட்டின் ஓரத்தில் சுண்டைக்காய் அளவு வைக்கப்படும் பச்சைத் துவையலை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டு, நிறம் நன்றாக வந்திருப்பதாக ஒரு வார்த்தை சொல்லவும். அடுத்த தட்டில் இன்னும் கொஞ்சம் கேட்டுவிட வேண்டாம்.