சிப்பியா, செல்போனா?

கேள்வி: லட்ச ரூபாய் கொடுத்து வாங்கும் புது செல்போனில் குறையே இருக்கக் கூடாது என்று எதிர்பார்ப்பது நியாயமா?
– வாசகர், தூத்துக்குடி

பதில்: நியாயம்தான். 1961-ல் உங்கள் ஊர் முத்துக்குளிப்பில் சிப்பியைத் திறக்காமலேதான் ஏலம் எடுத்தார்கள். உள்ளே முத்து இல்லையென்றால் யாரிடமும் கேட்க முடியாது. செல்போன் சிப்பி இல்லையே, பில் போட்டல்லவா விற்கிறார்கள்! லட்சக்கணக்கில் செய்யும்போது ஒன்றிரண்டு பழுதாகத்தான் செய்யும், மாற்றித் தரட்டும். ஆனால் 2016-ல் சாம்சங் நோட் 7 தீப்பிடித்தது அப்படியல்ல. உறைக்குள் இடம் போதாமல் பேட்டரியின் மூலை நசுங்கியிருந்தது. மாற்றிக் கொடுத்த போன்களும் எரிந்தன, விற்பனையையே நிறுத்தினார்கள். அதனால் வெளியான முதல் மாதமே வாங்க ஓடாதீர்கள். வாங்கியது கெட்டு, கடைக்காரர் கைவிரித்தால் பில்லோடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போங்கள். 5 லட்சம் வரை விலையுள்ள பொருளுக்குப் புகார்க் கட்டணம் கிடையாது. புகாரை 2 ஆண்டுக்குள் கொடுத்துவிட வேண்டும்.