குறுக்கு ரோட்டு மாமா

கொங்கு நாட்டில் ஒறம்பரை, அதாவது சொந்தபந்தக் கூட்டம், என்று ஒன்று இருந்தால், அதில் ஒரு ரூட் மாமா இருந்தே தீருவார். ஐம்பத்தைந்து வயதுக்கு மேல். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, பார்க்கிறவர் கண்ணில் படும்படி பையில் கார்ச் சாவி. கூகுள் மேப் என்றாலே அவருக்குக் கசப்பு. "அந்தப் புள்ள சொல்றதக் கேட்டு எத்தன பேரு தோட்டத்துக்குள்ள போயி நின்னிருக்கானுக தெரியுமுங்களா?" என்பார். வழி சொல்லும் அந்தப் பெண் குரலோடு அவருக்குத் தீராத பங்காளிப் பகை.

சாலை எண்கள் அத்தனையும் அவருக்கு மனப்பாடம். என்ன, எல்லாம் பழைய எண்கள். சேலம் – கொச்சி சாலை இன்றைக்கும் அவருக்கு 'நாப்பத்தேழு'தான். 2010-ல் மத்திய அரசு தேசிய நெடுஞ்சாலைகளுக்குப் புது எண் கொடுத்தபோது, சேலத்தில் 44-லிருந்து கிளை பிரிகிற அந்தச் சாலை 544 ஆனது. பழைய 209-ஐ வெட்டி, கோவையிலிருந்து போகும் சத்தியமங்கலம் ரோட்டை 948 என்றும் பொள்ளாச்சி ரோட்டை 83 என்றும் ஆக்கினார்கள். திருச்சி ரோடும் ஊட்டி ரோடும் 67 என்று ஒரே குடும்பமாக இருந்தன. ஒன்றுக்கு 81, இன்னொன்றுக்கு 181 என்றாகிவிட்டது. "பாகம் பிரிக்கறதுன்னா பெரியவங்கள ஒரு வார்த்த கேக்க வேண்டாமுங்களா?" என்று மாமா இன்னும் பொருமுகிறார்.

1943-ல் நாகபுரியில் கூடிய தலைமைப் பொறியாளர்கள் இந்தியச் சாலைகளை ஐந்தாகத் தரம் பிரித்தார்கள்: தேசிய நெடுஞ்சாலை, மாநில நெடுஞ்சாலை, மாவட்ட முக்கியச் சாலை, மாவட்ட இதரச் சாலை, கிராமச் சாலை. மைல்கல்லின் தலை மஞ்சள் என்றால் தேசியம், பச்சை என்றால் மாநிலம். மாமாவின் கணக்கிலும் ஐந்து தரம் உண்டு: டோல் இல்லாத ரோடு, போலீஸ் நிற்காத ரோடு, டீ நன்றாக இருக்கிற ரோடு, சம்பந்தி வீட்டு வாசல் வழியே போகாத ரோடு, கடைசியாக இட்டேரி. இருபுறமும் முள்வேலி, நடுவே ஒரு வண்டித் தடம். எந்த அரசுப் பட்டியலிலும் ஏறாத அந்த இட்டேரிதான் மாமாவின் ராஜபாட்டை.

நோம்பி, பண்டிகை என்று வந்தால் மாமாவுக்குக் கிராக்கி. கோடையில் ஊட்டிக்கு ஏறக் குன்னூர், இறங்கக் கோத்தகிரி என்று போலீஸ் வைக்கும் ஒருவழி ஏற்பாடுகூடத் தான் சொல்லிக் கொடுத்தது என்பது போலப் பேசுவார். பொங்கலுக்குப் பெங்களூரிலிருந்து காரில் வரும் மருமகனுக்கு முதல் நாளே உத்தரவு போய்விடும்: "மாப்ள, தொப்பூர்ப் பக்கமே தல வெக்காத. சாம்ராஜ்நகர் புடிச்சு திம்பம் எறங்கி வந்துரு. இருவத்தேழு கொண்டை ஊசி, அவ்வளவுதான். டோலும் மிச்சம்."

மருமகன் ஆபீஸ் முடிந்து கிளம்பி, ஒன்பதரை மணிக்குக் காராப்பள்ளம் சோதனைச்சாவடியில் நிற்பான். உயர் நீதிமன்ற உத்தரவால் 2022 முதல் இரவு ஒன்பதிலிருந்து காலை ஆறு வரை அந்த வழியில் கார்களுக்கும் அனுமதி இல்லை. போனில் அழாத குறையாகச் சொன்னால் மாமா கொஞ்சமும் அசைய மாட்டார். "நெம்ப நல்லதாப் போச்சு. ஆறு மணி வரைக்கும் வண்டியிலயே தூங்கு. தூக்கக் கலக்கத்துல ஓட்டறது ஆபத்து மாப்ள." மறுநாள் ஒறம்பரை மொத்தத்துக்கும், மருமகன் பத்திரமாக வந்து சேர்ந்தது மாமா போட்ட திட்டத்தால்தான்.

அவர் ஓட்டும் அழகே தனி. நாலுவழிச் சாலையில் காருக்கு 100 கிலோமீட்டர் வரை அனுமதி. மாமா அங்கே வலதுபக்கத் தடத்தில் ஐம்பதில் ஊர்ந்தபடி போனில் நிலத்து விலை பேசுவார். கோழியும் குழந்தையும் குறுக்கே ஓடும் கிராமச் சாலையில் எண்பது. "நம்மூரு ரோடுங், எல்லாரும் தெரிஞ்சவங்க" என்பது அதற்கு நியாயம். கணியூர் டோல் கண்ணில் பட்டதும் சீட் பெல்ட்டை இழுத்துக் கல்யாண வீட்டு அங்கவஸ்திரம் போல மார்பில் சார்த்திக்கொள்வார், மாட்டுவது கிடையாது. பின்சீட்டு அத்தை மட்டும் அடிக்கடி சொல்லுவாள்: "ரோட்டையெல்லாம் தெரிஞ்சு வெச்சிருக்கீங்க, பிரேக்கு எங்க இருக்குதுன்னும் தெரிஞ்சு வெச்சுக்குங்க."

மாமாவின் தோட்டத்துக்குப் போகும் மண் தடம் நெடுஞ்சாலையின் எதிர்ப்பக்கத்தில் பிரிகிறது. சட்டப்படி ஒரு கிலோமீட்டர் போய்த் திரும்பி வர வேண்டும். மாமா முன்னாலேயே அந்தப் பக்கத்துக்குத் தாண்டி, முகப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு எதிர்த்திசையில் வருவார். அந்தச் சில நூறு அடிக்கு 544 அவருடைய இட்டேரியாகிவிடும். வேகமாகப் போகிறவனும் மெதுவாகப் போகிறவனும் முட்டிக்கொள்ளக் கூடாது என்றுதான் சாலையில் மேல் தரம், கீழ் தரம் வைத்தார்கள். இரண்டும் சேரும் முக்கில்தான் எமன் கடை போட்டிருக்கிறான். எதிரே ஒரு வண்டி வந்தால் என்ன ஆகும் என்பது மாமாவுக்குத் தெரியாததல்ல. 2020 பிப்ரவரி 20 அதிகாலை, அவிநாசி அருகே கன்டெய்னர் லாரி ஒன்று நடுத்திட்டைத் தாண்டிக் கேரள அரசுப் பேருந்தில் மோதிப் பத்தொன்பது பேர் இறந்ததும் இதே சாலையில்தான். அதை ஒறம்பரைக்கெல்லாம் உருக்கமாகச் சொல்பவரும் மாமாதான். "அது லாரிங், நாம காரு" என்று முடிப்பார்.

கடைசியில் அவர் மாட்டியது நெடுஞ்சாலையில் அல்ல. 'போலீஸ் நிற்காத ரோடு' என்று அவரே முத்திரை குத்திய ஒன்றில், தீபாவளிக்கு முந்தின நாள், பேத்தியை மடியில் வைத்து ஸ்டியரிங் பிடிக்கப் பழக்கிக்கொண்டு வந்தபோது ஓர் உதவி ஆய்வாளர் கை காட்டினார்.

"ஏனுங் சார், இது கிராம ரோடுங்க. பெல்ட்டெல்லாம் என்.ஹெச்.சுக்குத்தானுங்களே?"

"தரம் பிரிச்சதெல்லாம் ரோட்டுக்குத்தானுங்கய்யா. அபராதத்துக்குக் கெடையாது. பெல்ட்டுக்கு ஆயிரம், பாப்பாவுக்கு பெல்ட் இல்லாததுக்கு இன்னொரு ஆயிரம்."

மாமா வாதாடவில்லை, ரசீதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அன்று சாயங்காலமே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அவருடைய அறிவிப்பு வந்தது: "அந்த ரோட்டை இனி யாரும் நம்பாதீங்க. தரம் நெம்பக் கெட்டுப் போச்சு."